ஓட்டியவருக்கும் உமக்கும் என்ன உறவு

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
விபத்து நேரத்தில் வாகனத்தை ஓட்டியவருக்கும்
உமக்கும் என்ன உறவு?

கட்டம் சின்னது.
ஒரு சொல் கொள்ளும்.
அண்ணன். மச்சான். கணவன். சாரதி.

நிரூபன் இதில் ஒருவனுமில்லை.
வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில்
அவன் மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி.
லிஃப்ட் பழுதாகிக் கிடந்த மாதம் முழுக்க
என் காஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றி வந்தவன்.
அவன் தங்கை வத்சலா கேக் அடிப்பாள்.
ஓரம் வெட்டின துண்டுகள்
ஞாயிறு காலை என் கதவுக்கு வரும்,
கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கருகல்.

அன்று சனி. மூன்று தட்டுக் கேக்.
தெஹிவளையில் கலியாணம்.
கூப்பிட்ட வாகனம் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது.
"அக்கா, ஒரே ஒரு மணித்தியாலம்."

திறப்பைக் கொடுத்தேன்.
திறப்போடு சேர்ந்து என்னென்ன கைமாறுகிறது என்று
அந்த நேரம் யார் யோசிக்கிறது?
கட்டி முடியாத லீசிங்,
ஆறு வருடம் கிளைம் எடுக்காமல் சேர்த்த தள்ளுபடி,
சின்ன எழுத்தில் இருபத்திரண்டு பக்கம்.

மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
நூறாம் நம்பர் பஸ் ஒன்று
நினைத்த இடத்தில் நின்றது.
அவன் பிரேக் பிடித்தான்.
கார் நின்றது. கேக் நிற்கவில்லை.
பின்னால் வந்த முச்சக்கரவண்டியும் நிற்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது
கம்பனி ஆள் வந்துவிட்டார்.
அபேவிக்ரம என்று கழுத்தட்டையில் இருந்தது.
நல்ல மனிதர். லைசன்ஸைப் படம் எடுத்தார்.
பம்பரைப் படம் எடுத்தார்.
பின்கதவைத் திறந்தவர்
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
ஆசனம் முழுக்க ரோஸ் நிற ஐசிங்,
அதில் தலைகீழாக ஒரு சீனி மாப்பிள்ளை.

"மிஸ், இது பிஸ்னஸா?"

நான் வாயைத் திறக்க முதல்
நிரூபன் சொன்னான்,
பொய் சொல்லத் தெரியாத அந்த மடையன்:
"சும்மா வாங்கேல்ல சேர்,
பெட்ரோலுக்கு ரெண்டாயிரம் வைச்சனான்."

வெயில் மறைப்பில் செருகியிருந்தது கடித உறை.
வத்சலாவின் கையெழுத்து: நன்றி அக்கா.
அப்போதுதான் நானே அதைக் கண்டேன்.
அபேவிக்ரம அதையும் படம் எடுத்தார்,
கிட்டப் போய், தெளிவாக,
சல்லித் தாள்களைத் தனியாக.

திங்கள் காலை கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை:
தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தானாம்.
வாடகைக்கு ஓடினால் ஒரு சதமும் இல்லையாம்.
வாடகையா? என்று கேட்டேன்.
"காசு கைமாறியிருக்கே அக்கா."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"தம்பி முறை எண்டு போடுங்கோ.
காசு தந்தது பழைய கடன் எண்டு எழுதுங்கோ."

ஒரு லட்சத்து நாற்பதாயிரம், கராஜ்காரன் கணக்கு.
முச்சக்கரவண்டிக்காரன் வேறு
நாளுக்கு இரண்டு தரம் கோல் எடுக்கிறான்.

இரண்டு ஞாயிறு போய்விட்டது, கேக் துண்டு வரவில்லை.
படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால்
மூன்றாம் மாடிக் கதவு மெல்லச் சாத்துகிறது.
நான் கோபமில்லை என்று சொல்லத்தான் நினைக்கிறேன்.
சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டுமே.

காருக்குள் எறும்பு.
எவ்வளவு கழுவியும் ஆசனப் பொருத்துக்குள்ளிருந்து
வரிசையாக வருகின்றன,
பெல்ட் வழியே ஏறி, டாஷ்போர்ட் தாண்டி,
காப்புறுதி ஸ்டிக்கர் வரைக்கும்.

நேற்றிரவு கதவு தட்டினான்.
படிவத்தில் ஓட்டியவரும் ஒப்பமிட வேண்டும்.
சொந்தப் பேனையோடு வந்திருந்தான்.
ஒன்பதாம் கட்டம் இன்னும் வெறுமை.
"என்னண்டாலும் நீங்க எழுதுங்கோ அக்கா" என்றான்.

வாசிக்கவில்லை.
சுவரில் வைத்து அழுத்தி
கீழே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுப் போனான்,
அன்று நான் திறப்பை நீட்டிய
அதே அவசரத்தில்.