நிபந்தனை எண் ஏழு

நூலகத்தின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்
கூடுகிறது பழங்கட்டட மானியக் குழு.
ஐந்து பேர். ஆறாவதாக நான்,
வாக்கில்லாதவன், குறிப்பெடுப்பவன்.

இந்த ஆண்டு நகரம் ஒதுக்கியது பதினோராயிரம் டாலர்.
விண்ணப்பங்கள் பதினான்கு.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
நீ ஒன்று வைத்தால் நாங்கள் ஒன்று வைப்போம் என்பது விதி.
வைக்க ஒன்றும் இல்லாதவர்களின் கட்டடங்கள்
விதிக்கு வெளியே நின்று
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் பனியைச் சுமக்கின்றன.

வெர்னா காங்காஸ் வந்தாள், முழங்கை வரை மாவோடு.
தெருமுனை ரொட்டிக்கடை அவளுடையது.
மார்ச்சில் பனி உருகியபோது
மேல்விளிம்பிலிருந்து இறங்கிய ஒரு செங்கல்
தபால் வண்டியின் கூரையில் போய் உட்கார்ந்தது.
காப்பீட்டுக்காரன் கடிதம் போட்டுவிட்டான்.
முகப்பை மூடிய அலுமினியத் தகட்டை உரிக்க வேண்டும்,
உள்ளே செங்கல் இடுக்குகளில் புதுக் காரை வைக்க வேண்டும்.
மதிப்பீடு எட்டாயிரத்து முந்நூறு.
பாதியை அவள் போடுவாள். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓரின் பாஸ்கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தத் தகடு அறுபத்தொன்றில் அடித்தது.
ஐம்பது வயதைத் தாண்டியது எதுவும்
நம் விதிப்படி வரலாறு.
வரலாற்றை உரிக்க நாமே காசு கொடுப்பதா?"

கொதிகலன் ஒருமுறை இருமியது.

"எனக்கு அறுபத்திரண்டு," என்றாள் வெர்னா.
"முழங்காலுக்கு மானியம் உண்டா?"

குறிப்பேட்டில் சிரிப்புக்கு இடமில்லை.
'விவாதம் நடைபெற்றது' என்று எழுதினேன்.

ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.
டெல்ஃபின் ட்ரூடெல் வாக்களிக்கவில்லை,
கொத்தனார் அவள் நாத்தனார்.

நாலாயிரத்து நூற்றைம்பது. நிபந்தனைகள் ஏழு.
காரையில் சிமென்ட் கலக்கக் கூடாது.
மணல் பீய்ச்சிச் செங்கல்லைத் துலக்கக் கூடாது.
இப்படியே போய், ஏழாவது:
பழைய எழுத்தோ ஓவியமோ வெளிப்பட்டால்
அழிக்கவோ மறைக்கவோ கூடாது.
எல்லாக் கடிதத்திலும் உள்ள வரி.
விரல்கள் தட்டின, கண் படிக்கவில்லை.

ஜூனில் தகடு இறங்கியது.
முதலில் குருவிக்கூடு வைக்கோல், செத்த குளவிகள்,
ஒரு பக்கச் செய்தித்தாள்.
பிறகு, நீலத்தின்மேல் வெள்ளையில்
ஆளுயர எழுத்துகள்:

டாக்டர் எஃப். லாம்பெர்ட்
பற்கள் வலியின்றிப் பிடுங்கப்படும்
மாடிக்கு வரவும்

அதற்கு நேர் கீழே, கண்ணாடிக்குள்,
ஏலக்காய் ரொட்டி, ஜாம் பன்,
சர்க்கரை தூவிய வளையங்கள்.

கடிதத்தோடு என் மேசைக்கு வந்தாள்.
பெயின்ட் அடிக்கலாமா?
அழிக்கவோ, என்றேன்.
பந்தல் இறக்கினால்?
மறைக்கவோ.
பணத்தைத் திருப்பிவிட்டால்?
கொத்தனாருக்குப் போன பணம் அது.
சன்னல் வழியே தன் கடையை வெகுநேரம் பார்த்தாள்.
"வலியின்றியாம்," என்றாள். "புளுகன்."

பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இப்போது
'ஒரு கடைவாய்ப்பல்' என்று கேட்டுத்தான் பன் வாங்குகிறார்கள்.
ஓரின் பாஸ்கோ வெள்ளிக்கிழமை தவறுவதில்லை.
அண்ணாந்து பார்ப்பார்,
நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தடவிக்கொள்வார்.

பிப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் கூரை
ஒரே இரவில் உள்ளே விழுந்தது.
யாருக்கும் அடியில்லை.
விண்ணப்ப எண் ஒன்பது.
என் இழுப்பறையில்தான் இருந்தது,
மேலே காபிக் கோப்பையின் வட்டத்தோடு.
'பங்குத்தொகை இல்லை' என்று என் கையெழுத்து.
அதற்கு நிபந்தனை எதுவும்
தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.

அன்று மதியம் தெருவைக் கடந்து போனேன்.
ஒரு ஜாம் பன்னுக்குச் சில்லறை வைத்தேன்.
பையில் இரண்டு கனத்தன.
ஒன்றுதானே கேட்டேன், என்றேன்.

"நீ ஒன்று வைத்தாய்," என்றாள் வெர்னா,
தட்டைத் துடைத்தபடி, தலை நிமிராமல்.
"நான் ஒன்று வைத்தேன்."