நாலாயிரத்தில் ஒரு பங்கு

ஆடி பிறந்தால் மண்டபங்கள் பூட்டிக்கொள்ளும்.
முப்பது நாள் என் கேமராவுக்கு
மாலையும் இல்லை கழுத்தும் இல்லை.
மன்னார்குடியிலிருந்து தெற்கே வண்டியை விட்டால்
கோட்டூர் தாண்டி ஒரு வாய்க்கால்.
கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை.
வெடித்த மண்ணில் தும்பை மட்டும் பூத்திருக்கிறது.

அங்கேதான் அது வரும்.
நீலவரித் தேனீ.
யாரோ வேட்டிக் கரையைக் கிழித்து
வயிற்றில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டது போல இருக்கும்.
வருவதைப் பார்க்க முடியாது.
காதோரம் ஒரு ரீங்காரம்,
உடனே பூவில் அது,
உடனே பூ மட்டும்.

ஐம்பது எம்எம் லென்சைத் தலைகீழாக்கி
வளையம் போட்டு மாட்டியிருக்கிறேன்.
ஃப்ளாஷின் முகத்தில்
வீட்டில் தேடிக்கொண்டிருக்கும் இட்லித் துணி.
இறக்கையை நிறுத்துவது ஷட்டர் அல்ல,
அந்த மின்னல்தான்:
நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.
கூர்மை நிற்கும் ஆழமோ ஓர் உமியின் கனம்.
மூச்சு விட்டால் போயிற்று.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
அம்மி பறந்தால் எடுத்துவிடலாம்,
அது நேராகத்தான் பறக்கும்.
தும்பைத் தண்டைத் துணி க்ளிப்பால்
ஒரு குச்சியோடு கட்டிப்போட்டேன்.
தேனீ க்ளிப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
அடுத்த செடிக்குப் போனது.

முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
எல்லாம் தும்பைப் பூ.

மூன்றாம் நாள் வரப்பில் குரல்:
"என்னாத்த அளக்குறீய? மீத்தேனா?"
மண்வெட்டியோடு அஞ்சம்மாள், பின்னால் இன்னும் இருவர்.
பூச்சி என்றேன்.
"பூச்சிக்கா இம்மாம் பெரிய குழா?"
திரையைக் காட்டினேன்.
முந்தைய நாள் தற்செயலாய் விழுந்த ஒரே படம்,
பாதித் தலை, ஒரு பச்சைக் கண்.
வெகுநேரம் பார்த்தாள்.
"இது கண்ணு சிமிட்டாதா?"
இமையே கிடையாது என்றேன்.
"ஒனக்கு வசதிதான்."

வசதிதான்.
பதினாறு வருஷமாய்
"மூடாதீங்க, இங்க பாருங்க" என்றே
தொண்டை வற்றியிருக்கிறது எனக்கு.
தாலி ஏறும் நொடியில்
கண் திறந்திருந்த மணப்பெண்
இதுவரை நாலு பேர்.

நூறு நாள் வேலை அட்டையை
இடுப்புப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.
படத்தில் கண் மூடியிருக்கிறது.
"செத்தவ பேருல வேலைக்கு வந்திருக்கியான்னு
கேக்குறான் தம்பி, தெனமும்."
லென்சை நேராகத் திருப்பி மாட்டினேன்.
பதினோரு படம்.
பத்திலும் மூடிக்கொண்டாள்.
"பளிச்சுன்னு வருமுன்னையே
எனக்குத் தெரிஞ்சுபோவுது."
பதினோராவதில்
அவள் என்னை மறந்துவிட்டாள்,
தோளோரம் ரீங்காரம் கேட்டு.

அன்றைக்கு இருட்டும் நேரம்,
காய்ந்த கோரைத் தண்டு ஒன்றில்
வரிசையாய் ஏழு.
தாடையால் தண்டைக் கடித்தபடி
கால்கள் தளர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தன.
காற்றும் விழுந்திருந்தது.
ஒரே சொடுக்கு.
ஒரு முடி பிசகவில்லை.
கண்ணில் இட்லித் துணி வெள்ளைச் சதுரமாய்.
எனக்கென்னவோ
தூங்குகிறவன் சட்டைப் பையில்
கைவிட்டது போலிருந்தது.

ராத்திரி கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
போனில் அஞ்சம்மாள்:
"தண்ணி வந்துட்டு தம்பி.
விடியவும் டிராக்டர் எறங்குது.
பேரனை அனுப்புறேன், படத்தைக் குடுத்துவுடு."
அட்டைப் படத்துக்குப் பின்னணி
வெள்ளையாய் இருக்க வேண்டும். விதி.
வாய்க்காலை அழித்தேன்.
மற்ற இருவரை அழித்தேன்,
பாதிச் சிரிப்போடு நின்றார்கள்.
தும்பைச் செடியை வேர்வரை அழித்தேன்.
அவள் கண் அகலத் திறந்து
பக்கவாட்டில் பார்க்கிறது.
பார்க்கும் இடத்தில்
நகக் கீறல் அளவு நீலம்,
பூச்சி என்று சொன்னால்கூட
யாரும் நம்ப மாட்டார்கள்.

மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.
மணி பதினொன்றே கால்.