ஏழு வருசக் குத்தகை

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி
இடப்பக்கம் திரும்பினால்
ஆறுச்சாமியின் ஒன்பது ஏக்கர்.
மேற்கு வரப்பு கேரளம், கிழக்கு தமிழ்நாடு.
நடுவில் நின்றால் போன்
இரண்டு தடவை வரவேற்கும்.
செடிகளுக்கு அந்தக் குழப்பம் இல்லை.
அவை ஏதேதோ நாட்டுக்காரர்களுடையவை.

ஒவ்வொன்றின் கழுத்திலும் தகரத் துண்டு, எண்.
எங்கோ ஒருவர்
டிக்கெட் போடும்போது
கடைசியில் வரும் சின்னக் கட்டத்தைத் தொட்டிருக்கிறார்,
தான் பறக்கப்போகும் புகைக்குப் பரிகாரமாக.
அது இங்கே புங்கனாக, வேம்பாக,
கணுக்கால் உயரத்தில் நிற்கிறது.
நிற்கிறதா என்று பார்க்கத்தான் நான்.

நாளுக்கு நானூற்றைம்பது, பெட்ரோல் தனி.
ஆப்பில் மூன்றே பதில்:
உயிருடன். பட்டுவிட்டது. காணவில்லை.
காணவில்லை என்றால் ஆடு.

கொச்சியிலிருந்து ஷைன் சார் கூப்பிடுவார்:
"ஷமீமா, போட்டோவில் பச்சை வேணும், பச்சை."
ஆடிக்காற்று கணவாயிலிருந்து புழுதியோடு வந்து
எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டுப் போகும்.
நான் துப்பட்டா நுனியால்
இலைகளைத் துடைத்துவிட்டுப் படம் எடுப்பேன்.

ஒரே ஒரு முறை, போன சித்திரையில்,
841 பட்டுப்போயிருந்தது.
842-ஐ அந்தப் பக்கமாகப் போய் நின்று
இன்னொரு படம் எடுத்தேன்.
ஒரு வேம்பு இரண்டு பேரைச் சுமந்தது.
கணவன் மனைவியாக இருக்கட்டும் என்று
நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஆள் பறந்த புகையைக்
குடித்து முடிக்க
ஒரு மரத்துக்கு இருபது வருசம் ஆகுமாம்.
பயிற்சியில் சொன்னார்கள், நோட்டில் இருக்கிறது.
ஆறுச்சாமியின் குத்தகை ஏழு வருசம்.
எட்டாவது வருசம் தென்னை வைப்பார்.
குழிக்கு எத்தனை அடி இடைவெளி என்று
இப்போதே காலால் அளந்து பார்க்கிறார்,
என் செடிகளுக்கு நடுவே
யாரையும் மிதிக்காமல்.

அத்தா மௌத்தானது செவ்வாய்க்கிழமை லுஹருக்கு முன்.
மய்யித்தை வைத்திருக்க முடியாது.
ஷார்ஜாவிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தபோது
புதன் விடிந்திருந்தது.
பெட்டியில் அவசரத்துக்குத் திணித்த இரண்டு சட்டை.
வாசலில் வாடகை நாற்காலிகள்
எடுத்துப் போகாமல் கிடந்தன.

மூன்றாம் நாள் கத்தம் முடிந்து
சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்திருந்தவன்
டிக்கெட் விலையைச் சொன்னான்.
"கடைசியில் என்னமோ ஒரு கட்டம்,
இருநூத்தி அறுபது ரூபா சேத்துக் கேட்டுச்சு.
இலைப் படம் போட்டு.
எதுக்குன்னு புரியல, விட்டுட்டேன்."
"அது என் சம்பளம்" என்றேன்.
ஜக்கரியா என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு சிரித்தான்,
வந்ததிலிருந்து முதல் தடவையாக,
அடக்க முடியாமல், மூக்கில் நீர் வர.
உள்ளே அம்மா என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தாள்.

சாயங்காலம் அவன் மட்டும் கபுருக்குப் போய்வந்தான்.
மீசான் கல் இன்னும் வரவில்லையாம்.
தலைமாட்டில் குத்திய மருதாணிக் கொம்பு
துளிர்க்குமா என்று என்னைக் கேட்டான்,
துறை ஆளிடம் கேட்பதுபோல.
இந்த மண்ணில் பத்துக்கு ஆறு, என்றேன்.
தண்ணீர் ஊற்றினால்.
ஊற்று, என்றான்.
அதற்குத் தகரம் இல்லை, எண் இல்லை,
கூலியும் யாரும் தரப்போவதில்லை.

சனிக்கிழமை அவனுக்கு விமானம்.
கோவைக்கு என்னை வர வேண்டாமென்றான்,
ஒரு நாள் கூலி போகும்.

பதினொரு மணிவாக்கில்
தலைக்கு மேல் ஒன்று போனது.
அவனுடையதாக இருக்காது, அவனுக்கு ராத்திரி.
இருந்தாலும் அண்ணாந்து பார்த்தேன்.
குனிந்தபோது
ஆறுச்சாமியின் செவலை ஆடு
1307-இன் முன்னால்
வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

முதலில் படம் எடுத்தேன்.
உயிருடன், என்று அழுத்தினேன்.
அப்புறம்தான் கல்லை எடுத்தேன்.