ஆறு சென்ட்

சூளகிரிக்கு மேற்கே, நெடுஞ்சாலையின் ஹாரன் மட்டும்
ஏறிவந்து சேரும் சரிவில்
மூன்று கால் பரப்பி நிற்கிறது என் கருவி.
எதிர்முனையில் ரியாஸ்.
அவன் பிடித்திருக்கும் கம்பத்தின் உச்சியில் கண்ணாடி.
ஒளி போகிறது, திரும்புகிறது, ஓர் எண் வருகிறது.

ஒரு ஏக்கர் எண்பது சென்ட்.
பத்திரத்திலும் அதுவே, பட்டாவிலும் அதுவே.
இருபது வருஷத் தொழிலில்
இப்படிப் பொருந்தி நான் பார்த்தது நாலைந்து தடவை.
டீ சொல்லலாம் என்று திரும்பினால்
தோளில் ஈரக் கயிற்றோடு பில்லம்மா.

"உன் மிஷினு மண்ணத் தொடவே இல்லியே.
இந்த மேட்டுலருந்து அந்த மேட்டுக்குக்
காத்தத்தானே அளந்த?"

நேற்றே அளந்திருக்கிறார்.
கயிற்றை நனைத்து, முறுக்கு விடாமல் இழுத்து,
மண்ணோடு மண்ணாய்ப் படுக்கவைத்து,
குழியில் இறங்கினால் கயிறும் இறங்க
வரப்பில் ஏறினால் கயிறும் ஏற.
மருமகள் கைபேசியில் பெருக்கிக் கொடுத்தாளாம்:
ஒரு ஏக்கர் எண்பத்தாறு.

அந்த ஆறு எங்கே?

நான் விளக்கினேன். படம் என்பது
உச்சிவெயிலில் நிலத்துக்கு விழும் நிழல், அம்மா.
சரிவைப் படுக்கவைத்துத்தான் எழுதுவோம்.
மழை நட்டுக்குத்தாய் விழுகிறது,
வீடு நட்டுக்குத்தாய் நிற்கிறது,
உங்கள் கொள்ளுச் செடி என்ன
சரிவுக்குச் சாய்ந்தா முளைக்கிறது?
(கடைசி வாதம் எனக்கே பிடித்திருந்தது.)

குனிந்து ஒரு செடியைப் பார்த்தார், உண்மையாகவே.
"நேராத்தான் நிக்குது."
நான் முக்காலியை மடக்கத் தொடங்கியதும்
"ஆனா களையெடுக்கிறவ
சாஞ்ச மண்ணுலதான நடக்கறா.
அவ கால் கணக்கு எந்தப் படத்துல வருது?"

ரியாஸ் சிரித்ததில் கம்பம் ஆடியது.
திரையில் பிழை என்று வந்தது.

ஆறு சென்ட் என்றால்
முப்பதுக்கு நாற்பதில் இரண்டு மனை.
ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் இரண்டு பேர்
கடன் வாங்கிப் பால் காய்ச்சும் அளவு.
இதை நான் சொல்லவில்லை, பில்லம்மா சொன்னார்.
மனைப்பிரிவு போடும் ஜெகதீஷ்
கார் கண்ணாடியைப் பாதி இறக்கி,
"சார்பதிவாளர் ஆபீஸ் பாரத்துல
சரிவுக்குன்னு கட்டமே கெடையாதும்மா," என்றார்.
அது பொய்யில்லை.
பில்லம்மா தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்,
ஒவ்வொரு எழுத்தும் சற்று மேல்நோக்கி ஏறியது.

ஆடி கழிந்து கல் நடப் போனேன்.
மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளியிருந்தது ஜேசிபி.
மிச்ச மேடு டிப்பரில் எங்கோ போய்விட்டது.
இப்போது மூன்று தட்டு. தட்டுக்குத் தட்டு தடுப்புச் சுவர்.
முப்பதடிச் சாலை ஒன்று, இருபத்துமூன்றடி இரண்டு.
உடைக்க முடியாத பாறைக்குப் பூங்கா என்று பெயர்.
கருவியை வைத்து அளந்தேன்.
யாரும் பார்க்காதபோது
பதினேழாம் மனையில் நாடாவை
மண்ணிலே படுக்கவைத்தும் அளந்தேன்.
இரண்டும் ஒன்றே.
படத்தில் தப்பு இருந்ததில்லை,
நிலத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

நடுத்தட்டுச் சுவரோரம் பில்லம்மா,
முழங்கை வரை சாணி.
எட்டடிச் சுவர் நெடுக வரட்டி தட்டிக்கொண்டிருந்தார்,
எட்டாத உயரத்துக்குக் கவிழ்த்துப்போட்ட சிமெண்ட் சட்டி.
நான் வரைந்த படத்தில் அந்தச் சுவர் வெறும் கோடு.
அதற்குப் பரப்பளவு இல்லை, மனை எண் இல்லை,
யாருக்கும் அதை விற்கவும் இல்லை.

"இது எவ்ளோ வரும்?" என்றார், திரும்பாமல்.
நூற்றிருபதடி நீளம், எட்டடி உயரம்.
மனசுக்குள் பெருக்கினேன்.
"ரெண்டே கால் சென்ட்டுகிட்ட."

"பாக்கி மூணே முக்கால்,"
என்று அடுத்த உருண்டையை
ஓங்கி அப்பினார்.