ஈ விடுபட்ட சொல்

ஔலு நகரின் குடிநீர்த் துறையில்
பகலெல்லாம் உறைந்த குழாய்களுக்குப் பதில் சொல்லிவிட்டு
இரவில் வேறு குழாய்களுக்காக உட்காருகிறாள்
ஹில்க்கா ரௌதியோ.

இவற்றில் தண்ணீர் ஓடாது.
ஒரு முனையில் எக்ஸ்எம்எல் நுழையும்,
நடுவில் உருமாறும்,
மறுமுனையில் வலைப்பக்கமாய்ச் சொட்டும்.
துவோஹி என்று பெயர். பூர்ஜ மரப்பட்டை என்று பொருள்.
பெயர் வைத்தவன் விலகிப் பதினோரு வருடம்.
விலை கிடையாது, உத்தரவாதமும் கிடையாது.
இருநூற்றுப் பதினான்கு பக்கக் கையேடு உண்டு.
விருந்தில் கடைசியாய் எழுந்தவளிடம்
பாத்திரங்கள் வந்து சேர்வதுபோல
அது அவளிடம் வந்து சேர்ந்தது.

"இது மிகச் சுலபம்" என்று எவனோ எழுதிவைத்ததை
இடம் இடமாய் நீக்குவதிலேயே
ஒரு மார்ச் மாதம் கழிந்தது.
சுலபமென்றால் இங்கே ஏன் வரப்போகிறார்கள்?
"மேலே சொன்னபடி" என்றிருக்கும்,
மேலே ஒன்றும் இருக்காது.
"விரைவில் விரிவாக" என்ற வரிக்கு ஒன்பது வயது.

இதில் இன்னொரு கூத்து:
கையேட்டுப் பக்கங்களையும் துவோஹிதான் வார்க்கிறது.
குழாய் உடைந்தால்
உடைந்த குழாயை அடைப்பது எப்படி என்ற பக்கமும்
அதே குழாய்க்குள்.
பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதை.
அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாளில் எடுத்து
குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள்,
நூலக அபராதச் சீட்டுக்குப் பக்கத்தில்.

திறந்ததை மூடு.
இந்த மொழி அவளிடம் கேட்பது அவ்வளவுதான்.
நூற்று நாற்பது வரிக்கு முன்னால் திறந்த குறியொன்று
வாய் மூடாமல் கிடந்து
ஓர் அத்தியாயத்தையே விழுங்கியிருந்தது நேற்று.
ஒரு சாய்கோடு போட்டாள்.
எழுந்து போய் வாசற்கதவையும் இழுத்துப் பார்த்தாள்.

பிப்ரவரியில் பைசாந்துவிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
உருகுவேயில் அப்போது கொளுத்தும் கோடை.
எழுதியவள் நேலிதா பென்டான்கோர், நகராட்சி நூலகம்.
"அறுபத்திரண்டாம் பக்கத்தில்
'லைஃப்டைம்' என்ற சொல்லில் கடைசி ஈ இல்லை.
அப்படியே நகலெடுத்து ஒட்டினேன்.
துவோஹி முறையிடவில்லை, பேசாமல் புறக்கணித்தது.
பழைய பட்டியலே திரும்பத் திரும்ப வந்தது.
திருப்பித் தந்த புத்தகங்கள் தராதவையாக நின்றன.
வசவு வாங்கினேன்.
தவறு என்னுடையது என்றே மூன்று வாரம் நினைத்தேன்."

ஓர் ஈ பறந்துபோனதற்கு
இவ்வளவு தூரத்தில் ஒருத்தி தலைகுனிந்திருக்கிறாள்.

அந்த வரியை எழுதியது யாரென்று
கோப்பின் வரலாற்றில் தோண்டினாள் ஹில்க்கா.
ஏழு வருடம் முன்பு, நவம்பர், பின்னிரவு இரண்டே கால்.
பெயர் தெரிந்த பெயர்தான்.
காப்பி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தாள்.

"திருத்திவிடலாம்தானே?" என்று தௌனோவிடம் கேட்டாள்.
அவன்தான் இப்போது நிரலைப் பார்த்துக்கொள்கிறவன்,
பேச்சுக்குக் காசு கேட்பவன் மாதிரி பேசுவான்.
தேடிவிட்டு ஒரு நாள் கழித்து எழுதினான்:
"முன்னூற்றுப் பன்னிரண்டு தளங்களில்
உன் எழுத்துப்பிழைதான் இருக்கிறது.
எல்லாக் கதவையும் தட்ட முடியாது.
நிரலிடம் சொல்லிவிட்டேன், இரண்டையும் ஏற்கும்."

ஆக, பிழையைத் திருத்தவில்லை,
பிழைக்குக் குடியுரிமை கொடுத்தார்கள்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் சரியான சொல்லை வைத்தாள்.
அதன் கீழே:
"பழைய வடிவமும் செல்லும். சுட்டியவர் நே. பென்டான்கோர்."
அதற்கும் கீழே "தவறு என்னுடையது" என்று தட்டிவிட்டு
நிறுத்தினாள்.
கையேட்டில் நான், எனது, என்னுடைய கூடாது:
நடைவிதி நான்கு.
அதை எழுதியவளும் அவள்தான்.

அழித்தாள்.
பிறகு அதே மூன்று சொற்களை... இல்லை, இரண்டே சொற்கள்தான்...
குறிப்புரைக் குறிகளுக்குள் வைத்தாள்.
வலைப்பக்கத்துக்குப் போகும் வழியில்
குழாய் அதை வடிகட்டிவிடும்.
நேலிதா பார்க்கமாட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும்தான்.
அடுத்து இந்தக் கோப்பைத் திறக்கப்போகும் ஒருவர்,
யாரோ,
பார்ப்பார்.

குறியை மூடினாள்.
வெளியே இருபத்தாறு பாகை உறைகுளிர்.
காலையில் ஏழு மணிக்கே தொலைபேசி அடிக்கும்,
யார் வீட்டிலோ தண்ணீர் வரவில்லை என்று.