பாராத கட்டங்கள்

ஃபோவிங்கலில் எங்கள் கடைக்கு மேலே
தொங்குரயில் போகும்.
அதன் நிழல் படியில் விழும்போதெல்லாம்
பெட்டி திடுக்கிட்டு விழிக்கும்,
யாரோ வந்ததாக நினைத்துப் பதியும்.
டிஸ்க் நிரம்பி
வெள்ளியை எழுத இடமில்லாமல்
திங்களைத் தின்றது.

ஞாயிறு, கடை பூட்டு.
விசிறியில் தூசும் மிளகாய்த்தூளும்;
பழைய பல்பிரஷ்ஷால் தட்டினேன்,
மூன்று தும்மல்.
மணிக்கூடு இன்னும் கோடையில் நின்றது.
ஒரு மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தேன்.
பிறகு மவுஸைப் பிடித்து
படியைக் கட்டம் கட்டமாய் மறைத்தேன்:
இங்கே எது அசைந்தாலும் பாராதே.

சொல்வழி கேட்டது.

பத்து நாள் கழித்துக் கதவிடுக்கில்
ஒரு கடித உறை.
நாற்பத்தாறு யூரோ, பாதி சில்லறை.
பெயரில்லை.
"ஆரெண்டு பார்" என்றார் குகதாசண்ணை.
பார்த்தேன்.
தெரு, மழை, ஒரு நாய்.

கடன் கொப்பியைப் புரட்டினோம்.
நிறோஜினி முப்பத்தொன்பது, ஹலீல் ஐம்பது,
கெம்பர் அம்மா பதினேழு.
நாற்பத்தாறு ஒருவரும் இல்லை.

கொப்பியில் ஏறாத கடன்.
பெட்டி கண்டு, பதிந்து,
பிறகு தின்றுவிட்ட
ஏதோ ஒரு திங்கள்.

"கட்டத்தை எடுக்கவோ?" என்றேன்.
அண்ணை சில்லறையை
ஐந்து சதம், பத்துச் சதமாய்ப் பிரித்துக்கொண்டிருந்தார்.
மேலே ரயில் போனது.