அல்லாத

ஆள்காட்டி விரலில் முதல் முடிச்சு,
மணிக்கட்டில் இரண்டாவது,
முன்கையில் மூன்று.
ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு
எண் போட்டுப் பலகை நட்டிருப்பார்களே,
அப்படி ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு
நிணநீர்க் குழாய் வழியே
மேலேறியிருக்கிறது ஏதோ ஒன்று.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
அர்த்தநாரி, நாற்பத்தாறு.
எட்டு மாதம். வலியில்லை. காய்ச்சலில்லை.
காசநோய் மாத்திரை ஐந்து மாதம், குறையவில்லை.
அடியில் வேறு பேனாவில் யாரோ
'வண்ணமீன் கடை, சூரமங்கலம்.'
அந்தப் பேனாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கண்ணாடித் தகட்டில்
தடித்த மேல்தோல் கீழ்நோக்கி விரல் நீட்டியிருந்தது.
அதன் அடியில் கூட்டம்.
நடுவில் சீழாகிச் செத்த வெள்ளணுக்கள்,
சுற்றி எபிதீலாய்டு செல்களின் வேலி,
வேலியோரம் ஓர் அரக்கச் செல்,
தன் கருக்களையெல்லாம் லாடம்போல
ஒரு விளிம்புக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு.
தயிர்க்கட்டிபோல் நொறுங்கும் அழிவைத் தேடினேன்.
இல்லை.
இல்லை என்பதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.
திசு பொய் சொல்லாது என்பார்கள்;
பெயரும் சொல்லாது.

பெனாசிர் சிவப்பைச் சூடாக்கி ஏற்றினாள்,
அமிலத்தில் கழுவினாள், நீலம் பூசினாள்.
எண்ணெய் லென்ஸில் நாற்பது நிமிடம்.
நீலம், நீலம், நீலம்,
பிறகு மயிரிழைத் துண்டாய் ஒரு சிவப்பு.
அமிலத்திலும் சாயம் விடாத பிடிவாதம்.
காசநோய்க் கிருமிக்கும் இதே சிவப்புதான்,
இதே பிடிவாதம்தான்.

ஆகவே வளர்த்துப் பார்த்தோம்.
ஒரு குப்பி முப்பத்தேழு டிகிரியில்,
ஒரு குப்பி முப்பதில்.
"சித்திரையில சேலத்துல முப்பதுக்கு எங்க மேடம் போறது?"
"மலைக்கு பஸ் ஏத்தி விடு."
கடைசியில் குளிரூட்டும் பெட்டி ஒன்றை
பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கினோம்.

உடம்புச் சூட்டில் வைத்தது மொட்டையாகவே கிடந்தது.
மற்றதில் பன்னிரண்டாம் நாள்
பச்சை ஊடகத்தின் மேல் வெளிறிய புள்ளிகள்.
பெட்டிக்குத் திருப்பாமல்
குப்பியை மேசையிலேயே மறந்து போனாள் பெனாசிர்.
இரவெல்லாம் டியூப்லைட் எரிந்திருக்கிறது.
காலையில் வந்து பார்த்தால்
அத்தனையும் எலுமிச்சை மஞ்சள்!
வெளிச்சம் பட்டால் நிறம் மாறும் ஜாதி.
அவள் மறதியை முதல்முறையாகத் திட்டவில்லை.

மைக்கோபாக்டீரியம் மரைனம்.
பேரில் கடல்.
கடலில்லாத ஊரில்
நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்துகொண்டு
பாசி சுரண்டிய விரலின் கீறலில்
ஏறிக்கொண்டது.

அறிக்கை வாங்க அவரே வந்தார்.
நான் தகடுகளைப் பார்ப்பவள்,
ஆட்களைப் பார்த்துப் பழக்கமில்லை.
'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியத் தொற்று'
என்ற வரியில்
'அல்லாத'மேல் விரல் வைத்தார். அதே விரல்.

"அப்ப ஒட்டாதா?"
"ஆள்கிட்டயிருந்து ஆளுக்கு ஒட்டாது.
மாத்திரை மாறும். இன்னும் சில மாசம் ஆகும்."

"அஞ்சு மாசமா எனக்குத் தனி டம்ளருங்க"
என்றார்.
அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.
நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

எழுந்தவர் கதவருகே நின்றார்.
"ஒரு ஏஞ்சல் மீன் ரெண்டு மாசமா எளைச்சிக்கிட்டே வருது.
தின்னுது, ஆனா எளைக்குது.
அதுக்கும் இதேதானா?"

திசு இல்லாமல் எதுவும் சொல்வதில்லை நான்.
"கையுறை போட்டு எடுங்க" என்றேன்.
"செத்தா கொண்டாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து
"செத்தாதான்" என்று சேர்த்துக்கொண்டேன்.